பாலாற்றுப் பக்கம் ஃப்ளை ஃபிஷிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரிக்கரையில் நின்று மஞ்சள் நிறத் தூண்டில் லைனை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தால் யாராவது வந்து நிற்பார்கள். மாடு மேய்க்கிறவர், பள்ளிக்கூடப் பையன்கள், வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சொந்தக்காரர்களும் பெங்களூரு நண்பர்களும் கேட்பதையும் சேர்த்து ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். வட ஆற்காடு என்று நான் சொல்வது பழைய மாவட்டம் முழுவதையும்: 1989-இல் திருவண்ணாமலைப் பக்கம் பிரிந்தது, 2019-இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன, ஆனால் மீனுக்கும் தண்ணீருக்கும் அந்த எல்லைக்கோடு கிடையாது.

ஃப்ளை ஃபிஷிங் என்றால் என்ன? நாம் போடும் தூண்டிலிலிருந்து இது எங்கே மாறுகிறது?

மண்புழு கோத்து, தக்கை கட்டி, ஈயம் வைத்து எறிவது நமக்குத் தெரிந்த தூண்டில். அதில் ஈயத்தின் கனம்தான் நைலான் நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. ஃப்ளை என்பது இறகும் நூலும் வைத்துத் தூண்டில் முள்ளில் கட்டிய பொய்ப் பூச்சி, அதற்குக் கனமே இல்லை, ஊதினால் பறக்கும். அதனால் இங்கே கனத்தை லைனுக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். 5-ஆம் எண் லைன் என்றால் அதன் முதல் 30 அடி சுமார் 9 கிராம் இருக்கும், 8-ஆம் எண் என்றால் 13 கிராமுக்கு மேல். அந்த லைனைக் காற்றில் விரித்து மடக்கி விரித்து வீசும்போது, நுனியில் இருக்கும் பூச்சி கூடவே போய்த் தண்ணீரில் சத்தமில்லாமல் உட்காரும். விசயம் அவ்வளவுதான், ஆனால் அந்த வீச்சு கைக்கு வர ஒரு மாதம் பிடிக்கும்.

இதை யாரோ நேற்றுக் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். மாசிடோனியாவில் ஓர் ஆற்றில் சிவப்புக் கம்பளி நூலையும் சேவல் இறகையும் முள்ளில் கட்டி மீன் பிடித்ததை, ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். சேவல் இறகு அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் அதுதான்.

ட்ரவுட் மீனே இல்லாத வேலூரில் இது எதற்கு?

வெளிநாட்டில் ஃப்ளை போடுவது பெரும்பாலும் ட்ரவுட்டுக்குத்தான். அது வெள்ளைக்காரர்கள் நீலகிரியில் கொண்டுவந்து விட்ட மீன், அதற்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் நம் ஊரில் அது ஒரு நாள்கூட உயிரோடு இருக்காது. ஆனால் பூச்சி தின்னாத மீன் எந்த ஊரில் இருக்கிறது? கெண்டை தின்கிறது, ஜிலேபி தின்கிறது, குறவை தின்கிறது, விரால் தவளையையே விழுங்குகிறது. இதில் சேர்ந்தவர்கள் பலர் வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து ட்ரவுட்டுக்கான ஃப்ளையை வாங்கி நம் ஏரியில் போட்டுவிட்டு, இங்கே மீனே இல்லை என்று விட்டுவிடுகிறார்கள். நான் இத்தனை வருசமாகச் சொல்லிக்கொண்டிருப்பது ஒன்றுதான்: நம் ஏரி மீன் எதைத் தின்கிறதோ அதைப் பார்த்து, நம் ஊரில் கிடைக்கிற பொருளை வைத்து, நீங்களே கட்டுங்கள்.

எந்த மீன் எதைக் கடிக்கும்?

ஜிலேபிதான் புதிதாக வருகிறவர்களுக்கு நல்ல வாத்தியார். 1952-இல் இந்தியாவுக்குள் வந்த மீன், இப்போது அது இல்லாத குட்டை இல்லை. கரையோரம் அரை அடி, ஓர் அடி ஆழத்தில் சுற்றும், சின்ன ஃப்ளை எதைப் போட்டாலும் வந்து பார்க்கும். கெண்டையும் அப்படித்தான், ஆனால் வாய் சின்னது, 14 அல்லது 16-ஆம் எண் முள் வேண்டும். (முள்ளின் எண் கூடக் கூட அளவு சிறியதாகும், முதலில் எல்லாரும் இதில் குழம்புவார்கள்.) ரோகு பாசியைச் சுரண்டித் தின்பது, பச்சை உல்லன் நூலில் பாசித் துணுக்கு மாதிரி கட்டி ஆட்டாமல் விட்டால் சில நாள் எடுக்கும். கட்லா தண்ணீரில் மிதக்கும் நுண்ணுயிரை வடிகட்டித் தின்கிற மீன், அதை ஃப்ளையில் பிடிப்பது ரொம்பக் கஷ்டம், நான் இரண்டு முறைதான் பிடித்திருக்கிறேன். விராலுக்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

ஃப்ளை கட்டும் பொருளெல்லாம் எங்கே வாங்குவது? வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டுமா?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. உலகத்தில் ஃப்ளை கட்டுகிறவர்கள் 'இந்தியன் நெக்' என்று சொல்லி வாங்கும் சேவல் கழுத்து இறகுத் தோல் நம் நாட்டிலிருந்து போவதுதான். நாம் திரும்ப அதை டாலர் கொடுத்து வரவழைக்க வேண்டியதில்லை.

நாட்டுக்கோழி அறுக்கும் கடையில் சொல்லி வையுங்கள். செம்பழுப்புச் சேவலின் கழுத்து இறகுதான் வேண்டும், அதையும் சுடுதண்ணீரில் முக்குவதற்கு முன்னால் பிடுங்கித் தரச் சொல்ல வேண்டும், முக்கிவிட்டால் இழையெல்லாம் ஒட்டிச் சுருண்டு போய்விடும். எனக்குக் கொடுக்கும் கடைக்காரர் முதல் நாள், "இன்னாண்ணா, காது குடையவா?" என்று கேட்டார். ஒரு ஃப்ளையைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அன்றைக்கிருந்து நல்ல சேவல் வந்தால் ஒரு காகிதப் பையில் எடுத்து வைத்துவிடுகிறார். வாங்கி வந்த இறகைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, டப்பாவில் இரண்டு அந்துருண்டை போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் பூச்சி வந்து தண்டை மட்டும் மீதி வைக்கும்.

பளபளப்புக்கு ஆரணி. பட்டு நெய்கிற ஊர், தறிக்கார வீடுகளில் மிச்சம் விழும் ஜரிகைத் துண்டு முழ நீளம் இருந்தாலே நமக்குப் பத்து ஃப்ளைக்கு ஆகும். அசல் ஜரிகை என்பது பட்டு நூல்மேல் மெல்லிய வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. பழைய காலத்து ஃப்ளைகளில் உடம்பைச் சுற்றிக் கட்டிய உலோக இழையும் இதே போலத்தான். கண்டைச் சேலையில் ஓடுகிற அதே இழை முள்ளின் மேல் ஐந்து சுற்று வரும்போது வெயிலில் குட்டி மீனின் செதில் மாதிரி மின்னும்.

மிதக்கும் ஃப்ளைக்கு ஃபோம் வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை செய்கிற யாராவது நிச்சயம் உங்கள் தெருவில் இருப்பார்கள், வெட்டி விழுந்த ஃபோம் துண்டைக் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் தேய்ந்துபோன ரப்பர் செருப்பு போதும். உள்ளே கனம் சேர்க்க மோட்டார் காயில் கட்டும் கடையில் 34 அல்லது 36 கேஜ் காப்பர் கம்பி, கொஞ்சமாகக் கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். இங்கிலாந்தில் ஃப்ராங்க் சாயர் என்ற ஆற்றுக் காவலர் நூலுக்குப் பதிலாகவே மெல்லிய காப்பர் கம்பியை வைத்து ஃபெசன்ட் பறவையின் வால் இறகைக் கட்டிய ஃப்ளை இன்றைக்கும் உலகம் முழுக்க ஓடுகிறது. நீள முடிக்குக் கறிக்கடையில் வெள்ளாட்டு வால். நூல் தையல் கடையில். பொய்ப் பூச்சியின் கண்ணுக்குச் சாவிக்கொத்தில் வரும் குண்டுமணிச் சங்கிலியில் இரண்டு மணியை வெட்டிக்கொள்ளலாம். முடிச்சின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ்.

மயில் இறகு பயன்படுத்தலாமா? காட்டுக்கோழி இறகு?

மயில் இறகின் ஓரத்து இழை இருக்கிறதே, பச்சையும் செம்பும் கலந்து மின்னுவது, அதற்கு ஈடாக எந்தச் செயற்கை இழையும் இதுவரை வரவில்லை. தானாக உதிர்ந்த தோகை இறகை நாட்டுக்குள் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நம் பக்கம் கடலைக் கொல்லையில் காலையில் நடந்தால் கிடைக்கும். பிடுங்கியது என்று சந்தேகம் வந்தாலும் தொடாதீர்கள், அடித்தண்டில் ரத்தக் கறையோ சதையோ இருந்தால் அது உதிர்ந்தது இல்லை. வெளிநாட்டு நண்பருக்குத் தபாலில் அனுப்பவும் கூடாது, ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது.

காட்டுக்கோழி விசயத்தில் நான் கண்டிப்பானவன். சவ்வாது மலையில் கூவுகிற அந்தச் சேவலின் கழுத்து இறகில் மெழுகு வார்த்தது மாதிரிப் புள்ளி இருக்கும், அந்தப் புள்ளிக்காக ஐரோப்பாவின் சால்மன் ஃப்ளை கட்டுகிறவர்கள் ஒரு காலத்தில் இங்கிருந்து கணக்கில்லாமல் வாங்கினார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது பாதுகாக்கப்பட்ட பறவை. மலையிலிருந்து கொண்டுவந்து தருகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மீன்கொத்தி, கொக்கு, மான் முடி எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். ஒரு வெள்ளைக் கோழி இறகில் நெயில் பாலிஷால் புள்ளி வைத்தால் மீனுக்கு அது போதும்.

வைஸ் (கட்டும்போது முள்ளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும் கருவி) இல்லாமல் கட்ட முடியுமா?

முடியும். முதல் வருசம் முழுக்க ஒரு கட்டிங் பிளேயரின் கைப்பிடியில் ரப்பர் பேண்டை இறுக்கிச் சுற்றி, அதன் வாயில் முள்ளைப் பிடிக்கவைத்துத்தான் கட்டினேன்.

முதலில் எந்த ஃப்ளையைக் கட்டிப் பழகுவது?

ஈசல். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

மழை பெய்து விட்ட சாயங்காலம் புற்றிலிருந்து ஈசல் புகை மாதிரி கிளம்புவதைப் பார்க்காத வட ஆற்காட்டுக்காரர் இருக்க முடியாது. சின்ன வயதில் விளக்குக்குக் கீழே அண்டாவில் தண்ணீர் வைத்துப் பிடித்து, இறக்கை புடைத்து, அரிசியோடு வறுத்துத் தின்றிருப்போம். அதே ஈசல் காற்றில் ஏரிக்குள் விழும்போது மொத்த ஏரியும் கொதிக்கிற மாதிரி மீன் மேலே வரும். அந்த முக்கால் மணி நேரத்தில் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் எந்த எச்சரிக்கையும் இருக்காது.

12-ஆம் எண் முள். பழுப்பு நூலை முள்ளின் கண்ணுக்கு (நரம்பு கோக்கும் துளை) கொஞ்சம் பின்னாலிருந்து வளைவு வரை நெருக்கமாகச் சுற்றுங்கள். 2 மில்லிமீட்டர் கனமுள்ள பழுப்பு ஃபோமை 3 மில்லிமீட்டர் அகலத்துக்கு நறுக்கி, வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு அரிசி அளவு நீட்டிக்கொண்டு இருக்கும்படி வைத்து, மூன்று இடத்தில் மட்டும் நூலால் இறுக்குங்கள், நடுவில் ஃபோம் தானாகப் புடைத்து வயிற்று மடிப்பு மாதிரி வரும். அதன் மேல் வெள்ளைக் கோழி இறகின் நுனி இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைத்துக் கட்டுங்கள், உடம்பைவிட நீளமாக இருக்கட்டும், ஈசலுக்கு இறக்கைதான் அடையாளம். முன்னால் செம்பழுப்புச் சேவல் இறகை நான்கு சுற்று, பிறகு அடிப்பக்கத்து இழையைக் கத்தரியால் தட்டையாக வெட்டிவிடுங்கள், அப்போதுதான் தண்ணீரோடு ஒட்டிக் கிடக்கும். தண்ணீரில் விழுந்த ஈசல் நிற்காது, படுத்துத் தத்தளிக்கும். முதலில் நான் பாலிதீனை வெட்டி இறக்கை வைத்தேன். பார்க்க அச்சு அசல் ஈசல், ஆனால் வீசும்போது காற்றாடி மாதிரிச் சுற்றி நரம்பெல்லாம் முறுக்கிக்கொண்டது. இறகுதான் சரி.

விராலை ஃப்ளையில் பிடிக்க முடியுமா?

முடியும், பிடித்தபின் மற்ற மீனெல்லாம் கொஞ்ச நாளைக்குச் சப்பென்று இருக்கும். விரால் காற்றையும் மூச்சாக எடுக்கிற மீன், அவ்வப்போது மேலே வந்து ஒரு முறை 'ப்ளக்' என்று வாய் திறந்து போகும். அல்லி இலைக்கும் ஆகாயத்தாமரைக்கும் நடுவில் அந்தச் சத்தம் எங்கே வருகிறது என்று கால் மணி நேரம் உட்கார்ந்து கேளுங்கள், அதற்குப் பிறகு லைனை எடுங்கள். செருப்பு ஃபோமில் கட்டைவிரல் நுனி அளவுக்குத் தவளைத் தலை, பின்னால் வெள்ளாட்டு முடியில் இரண்டு கால், 1/0 எண் முள், இது பெரியது. முள்ளின் வாயை மறைத்துக் கெட்டியான நரம்பில் ஒரு வளையம் கட்டாவிட்டால் ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு கொத்துத் தழைதான் வரும். இலைமேல் விழவைத்து, மெல்ல இழுத்துத் தண்ணீரில் இறக்கி, நிறுத்துங்கள். அடித்தால் குண்டு போட்ட மாதிரி இருக்கும், அந்தச் சத்தத்துக்குப் பதறி ராடை (தூண்டில் கோலை) தூக்கினால் ஃப்ளை வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு உங்கள் முகத்துக்கே வரும். ஒரு நொடி பொறுத்து, ராடைத் தாழ்வாகவே வைத்து, இடது கையால் லைனை நீளமாக ஒரு இழு இழுங்கள்.

செந்நிறக் குஞ்சுகள் பந்து மாதிரித் திரண்டு மேலே வந்து வந்து போவதைப் பார்த்தால் அங்கே வீசாதீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் நிற்கும், எதைப் போட்டாலும் அடிக்கும், அதனால்தான் பலர் அங்கேயே குறிவைக்கிறார்கள். அந்த ஜோடியை எடுத்துவிட்டால் மொத்தக் குஞ்சையும் ஜிலேபியும் கொக்கும் ஒரே நாளில் முடித்துவிடும். கெஞ்சிக் கேட்கிறேன், அந்த இடத்தை விட்டு விலகிப் போய் வீசுங்கள்.

வெளிநாட்டு ஃப்ளை எதுவுமே இங்கே வேலை செய்யாதா?

இரண்டு செய்யும். பென்சில்வேனியாவில் ரஸ்ஸல் பிளெஸ்ஸிங் 1967-இல் கட்டிய வூலி பக்கர், அதே மாநிலத்துக்காரர் பாப் கிளவுசர் 1980-களில் கட்டிய கிளவுசர் மின்னோ. இரண்டையும் அவர்கள் கட்டியது பாஸ் மீனுக்காக, வெதுவெதுப்பான ஆற்று மீன், அதனால் நமக்கும் பொருந்துகிறது. கிளவுசரில் கண் கனமாக இருப்பதால் முள் தலைகீழாகத் திரும்பி வாய் மேலே பார்த்து வரும், நம் ஏரி அடியில் கிடக்கும் கருவேலங் குச்சியில் மாட்டுவது குறையும்.

எந்த ராடு வாங்கலாம்?

ஒரே ஒன்று என்றால் 9 அடி, 6-ஆம் எண் லைனுக்கானது. ஜிலேபிக்குக் கொஞ்சம் அதிகம், விராலுக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் இரண்டையும் சமாளிக்கும். லைனின் நுனியில் கட்டும் நரம்பு கெண்டைக்கு 0.18 மில்லிமீட்டர், விராலுக்கு 0.35. பணம் இல்லையென்றால் மூங்கில் கழியே போதும். ஜப்பான் மலைக்கிராமங்களில் ரீலே இல்லாமல் நீளக் கழியின் நுனியில் நரம்பைக் கட்டி ஃப்ளை போடுவார்கள், டெங்காரா என்று பெயர். நம் தாத்தா வைத்திருந்த தூண்டில் கழியில் புழுவை எடுத்துவிட்டு ஃப்ளையைக் கட்டினால் அதுவேதான்.

வீசும்போது பின்னால் கருவேல மரத்தில் மாட்டிக்கொள்கிறதே?

நம் ஏரிக்கரைகளில் பின்பக்கம் திறந்த இடம் கிடைப்பதே அபூர்வம். அதனால் ரோல் வீச்சை முதலில் பழகுங்கள்: லைனைத் தண்ணீர்மேல் மெல்ல இழுத்து, ராடைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, லைன் தோளுக்குப் பின்னால் வயிறு மாதிரித் தொங்கும் வரை நிறுத்தி, சுத்தியலால் ஆணி அடிப்பது போல முன்னால் தள்ளுங்கள். லைன் வளையமாக உருண்டு போகும், பின்னால் எதுவும் போகாது. ஆனால் இதற்குத் தண்ணீரின் பிடிப்பு வேண்டும், மொட்டைமாடியில் வராது. சாதாரண வீச்சை மாடியிலோ அறுத்த வயலிலோ, முள்ளுக்குப் பதில் உல்லன் துண்டு கட்டிப் பழகலாம்.

எப்போது, எங்கே போவது? யாரிடம் கேட்க வேண்டும்?

ஆடி, ஆவணி சாயங்கால மழையில் ஈசலுக்கு. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கலாக இருக்கும், வீண். தை பிறந்து தண்ணீர் தெளிந்ததிலிருந்து பங்குனி வரை நல்ல காலம். அதற்குப் பிறகு விடியலில் ஒரு மணி நேரம் மட்டும், எட்டு மணிக்கு மேல் மீனும் வராது, உங்களாலும் நிற்க முடியாது.

பாலாறு வருசத்தில் பெரும்பாலும் மணல்தான். 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதை மறக்க முடியாது, அதற்குப் பிறகு பல மாதம் குட்டைகளில் கெண்டை இருந்தது. மற்றபடி ஏரிகளும் அணைகளும்தான். காவேரிப்பாக்கம் பல்லவர் காலத்து ஏரி, கடல் மாதிரி இருக்கும், காற்று எழும்பினால் லைன் போகாது, மதகுப் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். குடியாத்தம் பக்கம் மோர்தானா அழகு, ஆனால் காட்டை ஒட்டியது, யானை நடமாட்டம் உண்டு. சாத்தனூரில் முதலை இருக்கிறது, முழங்கால் தண்ணீரில்கூட இறங்கக் கூடாது.

ஏரி மீனைப் பெரும்பாலும் குத்தகைக்கு விட்டிருப்பார்கள். குத்தகைக்காரரைப் பார்த்து, "அண்ணா, பிடிச்சு விட்டுடுவேன், ஒரு மணி நேரம் போட்டுக்கட்டுமா" என்று கேளுங்கள். நான் கேட்டதில் பாதிப் பேர் சிரித்துக்கொண்டே சரி என்றார்கள், ஒருவர் உட்கார்ந்து பார்த்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்தார். வேண்டாம் என்றால் கிளம்பிவிடுங்கள். அணைக்கு மீன்வளத் துறையில் அனுமதி கேட்க வேண்டும். காப்புக்காட்டு ஓடைகள், கோயில் குளம், வேலூர்க் கோட்டை அகழி இந்த மூன்றிலும் ராடை எடுக்கவே கூடாது.

பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

மேட்டாங்காட்டு ஏரி மீனைக் குத்தகைக்காரருக்குக் காசு கொடுத்துவிட்டுச் சாப்பிடலாம். பாலாற்றுக் குட்டையில், வாணியம்பாடியிலிருந்து ராணிப்பேட்டை வரை, நான் சாப்பிடுவதில்லை, யாருக்கும் கொடுப்பதும் இல்லை. தோல் பதனிடும் கழிவு இந்த ஆற்றில் கலந்தது பற்றி 1996-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது. ஆற்றைக் கெடுத்தவர்தான் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியாவில் நிலைபெற்றது நம் வேலூர் மாவட்டத்துக்காரர்கள் போட்ட அந்த வழக்கில்தான். மீனை விடுவதானால் கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கை அதன் வழவழப்பை உரித்துவிடும்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக, ஏரிக்கு. பாலாற்றுக்கு வேண்டாம். மணல் அள்ளிய பள்ளம் மேலே பார்க்கக் கணுக்கால் தண்ணீராகத் தெரியும், அடுத்த அடியில் ஆள் ஆழம் இருக்கும்.

முள் நம் மேலேயே குத்திவிட்டால்?

வீசுகிற கலையில் இது எல்லாருக்கும் ஒரு முறை நடக்கும், அதனால் தொப்பியும் கண்ணாடியும் இல்லாமல் ராடைத் தொடாதீர்கள். கட்டும்போதே முள்ளின் கொளுவியை (நுனிக்குப் பின்னால் எதிர்ப்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன முனை) பிளேயரால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால் குத்திய வழியிலேயே சுலபமாக வெளியே வந்துவிடும், மீனுக்கும் அது நல்லது. நசுக்காத முள் கையிலோ முதுகிலோ இறங்கிவிட்டால், வளைவில் கெட்டி நரம்பை ஒரு வளையமாகப் போட்டு, முள்ளின் கண் பக்கத்தைத் தோலோடு அழுத்திப் பிடித்து, நரம்பைத் தோலுக்கு இணையாக வெடுக்கென்று ஒரே இழு. என் மச்சானுக்குத் தோளில் அப்படி எடுத்தேன், எடுத்தது அவருக்குத் தெரியவே இல்லை. அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி டிடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணிலோ கண்ணுக்குப் பக்கத்திலோ என்றால் எதையும் இழுக்காமல், நரம்பை மட்டும் வெட்டிவிட்டு, நேராக ஆஸ்பத்திரிக்கு.